செபத்திற் கவனம்

பாடசாலைக் காலைப் பிரார்த்தனையின் பின் மாணவன் ஒருவன் என்னை அணுகி, "ஐயா, சிவபுராணம் 95 அடியும் பிழையின்றிச் சொல்லி முடித்தேன், ஆனால் இடையில் என்ன சொன்னேன் என்பதே தெரியவில்லை. இதனாற் பயன் உண்டா?" என்று வினாவினான். வினாவின் நேர்மை என்னைத் திடுக்கிடச் செய்தது. அதே குற்றம் என்னிடமும் இருந்தது. என் தாயார் மறைந்தபின் ஒரு மண்டலம், நாடோறும் 1008 முறை திருவைந்தெழுத்தைச் செபித்து வந்தேன். விரல்கள் உருத்திராக்க மணிகளைப் பிழையின்றி எண்ணின. மனமோ சம்பளப் பட்டியலையும் பரீட்சைத் தாள்களையும் எண்ணிக்கொண்டிருந்தது. நாற்பத்தெட்டாம் நாள் எழுந்தபோது எனக்கு வெட்கமே மிஞ்சியது. எனவே இதனை அறிந்தவன் கூற்றாகக் கொள்ளாது, தேடுபவன் குறிப்பாகக் கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறேன்.

மந்திரம் என்பதற்கு, நினைப்பவனைக் காப்பது என்று நாவலர் பெருமான் தமது சைவவினாவிடையிற் பொருள் உரைத்தார். சொல்பவனை என்னாது நினைப்பவனை என்றதே ஈண்டு உற்று நோக்கத்தக்கது. பிறர் கேட்கச் சொல்வது, உதடு மாத்திரம் அசையச் சொல்வது, மனத்தளவிற் சொல்வது எனச் செபம் மூவகைப்படும் என்பதும், அவற்றுள் பின்னது முன்னதினும் சிறந்தது என்பதும் நாம் அறிந்தவையே. ஆயினும், சிறந்தது என்றமையால் தொடங்குவோர் அனைவரும் மானதத்திலேயே தொடங்க வேண்டுமென்பதில்லை. ஓசை மனத்துக்கு ஒரு கைப்பிடி. அதனை முன்னரே விட்டவன் நழுவுவதையும் அறியான்.

இப்பொருளில் யான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான விளக்கம் திருவண்ணாமலையில் நிகழ்ந்தது. காவ்யகண்ட கணபதி முனிவர் வடமொழிப் பெரும் புலவர். பல்லாண்டு மந்திர செபத்தில் ஊன்றியவர். நூல்கள் கூறும் தவத்தின் இயல்பு தமக்கு இன்னும் விளங்கவில்லை என்ற ஏக்கத்தோடு, 1907 நவம்பர் 18 ஆம் நாள் விரூபாட்ச குகைக்கு ஏறிச் சென்றார். அங்கிருந்தவரோ அவரினும் ஓராண்டு இளையவர். அதுகாறும் பிராமண சுவாமி என்றே அழைக்கப்பட்டவர். முனிவர் அவருடைய அடிபற்றிக் கேட்டார். நெடுநேர மௌனத்தின் பின் வந்த விடையின் கருத்து இது: 'நான்' என்னும் எண்ணம் எங்கிருந்து எழுகின்றதோ அதனைக் கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவே தவம். மந்திரத்தைச் செபிக்கும்போது அவ்வொலி எங்கிருந்து பிறக்கின்றதோ அதனைக் கவனித்தால் மனம் அங்கே ஒடுங்கும், அதுவும் தவமே. பகவான் ரமண மகரிஷி என்னும் பெயரை அவருக்குச் சூட்டியவர் இம்முனிவரே.

இவ்விடையில் எண்ணிக்கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மந்திரத்தை மாற்றுமாறும் சொல்லவில்லை. கவனம் திரும்பும் திசையையே மாற்றினார். வெளியே சென்று தேயும் ஒலியைத் தொடராமல், அது தோன்றும் இடத்தை நோக்கிச் செவிசாய்த்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

வியப்பு யாதெனில், அதே 1907 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எலிசபெத் செவரன்ஸ், மார்கரெட் வாஷ்பர்ன் என்னும் இரு பெண்மணிகள், ஒரு சொல்லையே இமையாது நோக்கிக்கொண்டிருந்தால் சிறிது நேரத்தில் அதன் பொருள் கழன்று வெற்றுருவாகத் தோன்றுகிறது என்று ஆய்ந்து எழுதினர். திரும்பத் திரும்பச் சொல்லும் சொல்லுக்கும் இந்நிலை வருவதைப் பின்வந்தோர் கண்டனர். செபஞ் செய்வோர் பலர் இவ்விடத்திலேதான் மனம் தளர்வர். பொருள் கழன்றதும் மந்திரம் செத்துவிட்டதென அஞ்சுவர். அஞ்ச வேண்டியதில்லை, பொருள் நின்ற இடத்தில் ஒலியும் அதனைக் கேட்கும் அறிவும் எஞ்சி நிற்கின்றன அல்லவா? உளநூலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் வெளியிட்ட பெருநூலில், முயன்று செலுத்தும் கவனம் ஒரு சில வினாடிகளுக்குமேல் தொடர்ந்து நில்லாது என்றும், நீடித்த கவனம் என்பது மீண்டும் மீண்டும் அழைத்து வருதலே என்றும் கூறினார். ஆகவே மனம் ஓடுவது செபத்தின் தோல்வியன்று. ஓடியதை அறியாதிருத்தலே தோல்வி.

மற்றோர் இடரும் உண்டு. மனம் ஓடாமல் உறங்கிவிடுதல் அது. நூலோர் இதனை லயம் என்பர். (மலையகத்தாராகிய நமக்கு லயம் என்றால் நாம் பிறந்த பத்தடி அறைதான், அங்கும் உறங்கியதை விட வேறென்ன கண்டோம் என்று நகைப்பவர் நகைக்கட்டும்.) கங்கைக் கரையில் ஒரு யோகி சீடனிடம் நீர் கேட்டுவிட்டு நிட்டையில் அமிழ்ந்தான், நெடுங்காலங் கழித்துக் கண்விழித்ததும், "நீர் எங்கே?" என்றானாம். மகரிஷி சொல்லிவந்த கதை இது. ஒடுங்கிய மனம் பழைய தாகத்தோடே எழுந்தது. இறுக்கிப் பிடித்தால் தலைநோவு, தளர விட்டால் உறக்கம். இரண்டுக்கும் இடைப்பட்ட விழிப்பே செபத்துக்கு வேண்டிய கவனம்.

இந்த விழிப்பை யான் நூலிற் காணுமுன் தேயிலை மலையிற் கண்டிருந்தேன்; காணத்தான் தெரியவில்லை. என் தாயார் பொகவந்தலாவைத் தோட்டமொன்றில் முப்பதாண்டுக்கு மேலாகக் கொழுந்தெடுத்தவர். எழுத்தறியாதவர். மழையிலும் பனியிலும் நிரை பிடித்து நின்று, வாய்க்குள் 'சிவசிவ' என்றபடியே இரண்டிலையும் மொட்டுமாகக் கிள்ளுவார். விரல் விரைந்தோடும், ஆயினும் முற்றிய இலை கூடையில் விழாது. சிறுவனாயிருந்தபோது, "ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லுவீங்க அம்மா?" என்று கேட்டேன். "யாரு எண்ணுனா? சொல்லுறது நம்ம காதுல விழணும் ராசா. விழல்லேன்னா மறுபடி சொல்லணும், அம்புட்டுத்தான்" என்றார். பயிற்சிக் கலாசாலையில் உளநூல் கற்று வந்தும், அவர் மறையும்வரை அச்சொல்லை யான் பொருட்படுத்தவில்லை.

மாணவனுக்கு அதையே சொன்னேன். 95 அடியைச் சில நாள் பிரார்த்தனைக்கு மாத்திரம் வைத்துக்கொண்டு, வீட்டிலே விடியலில் ஐந்து நிமிடம் அமர்ந்து, ஐந்தெழுத்தைத் தன் செவிக்கு எட்டுமளவு மெல்லச் சொல்லுமாறும், எண்ண வேண்டாமென்றும், தப்பினால் தன்னை நொந்துகொள்ளாது மீண்டும் தொடங்குமாறும் பணித்தேன். ஒரு வாரங் கழித்து வந்தான், முகம் வாடியிருந்தது. "இன்றைக்கு ஒன்பது தரம் தப்பிப்போயிற்று ஐயா" என்றான். முன்பு தப்பியதே தெரியாதிருந்த பிள்ளை அவன். நாளையும் அமருமாறு சொல்லி அனுப்பினேன்.