ஊறுகாய் ஜாடியும் சர்க்கார் கணக்கும்

வீட்டிலேயே ஊறுகாய் போட்டு விற்கிறவர்கள், ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவர்கள், நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு மசாலாப் பொடி அரைக்கிறவர்கள் என்று இன்றைக்குத் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். நீங்களே அப்படி ஒருவராக இருக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் ஓரகத்தியோ நாத்தனாரோ இருப்பார். கைமணத்தைப் பற்றிக் கேட்டால் அவர்கள் அரை மணி நேரம் பேசுவார்கள். "வரிக்குப் பதிவு செய்தாயிற்றா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்களுக்கு. இங்கே என்ன லாபம் கொட்டிக் கிடக்கிறதா?" என்று பதில் வரும்.

இந்தப் பதிலில்தான் ஆபத்து இருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு விஷயத்தில் லாபத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வருஷத்தில் எவ்வளவு ரூபாய்க்கு விற்றீர்கள் என்றுதான் பார்க்கிறார்கள். எண்ணெயும் மாங்காயும் விலை ஏறி, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றாலும் விற்ற தொகை விற்ற தொகைதான்.

ஓர் உதாரணம் சொல்லுகிறேன். மயிலாப்பூரில் ஓர் அம்மாள் மாதம் 3 லட்சம் ரூபாய்க்கு ஊறுகாய் விற்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை 36 லட்சம். தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்கிறவர்களுக்கு எல்லை 40 லட்சம். ஆகவே கவலை இல்லை. தீபாவளிக்குக் கூடுதலாக 5 லட்சத்துக்கு ஆர்டர் வந்துவிட்டது. எல்லை தாண்டியாயிற்று! தாண்டிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதிவுக்கு மனுப் போட வேண்டும். அதே அம்மாள் ஊறுகாய் போடுவதற்குப் பதிலாகத் தையல் கூலி வாங்குகிறவராகவோ, அழகு நிலையம் நடத்துகிறவராகவோ இருந்தால் எல்லை 20 லட்சம்தான். ஐஸ்கிரீம் தயாரிக்கிறவர்களுக்கும் 40 லட்சம் என்ற சலுகை கிடையாது; ஏனோ அதன் மேல் சர்க்காருக்கு ஒரு கோபம்.

அப்பளத்தின் கதை வேறு. அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அப்பளம் ஒன்றையே விற்கிறவர் எத்தனை லட்சத்துக்கு விற்றாலும் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் அப்பளத்தோடு ஊறுகாயும் விற்கிறவர் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். வரி இல்லாத அப்பளத்தின் விற்பனையும் எல்லைக் கணக்கில் சேர்ந்துவிடும். 32 லட்சம் அப்பளமும் 9 லட்சம் ஊறுகாயுமாக விற்றவருக்குக் கணக்கு 41 லட்சம். "வரி உள்ள சரக்கு 9 லட்சம்தானே?" என்று கேட்டால் பிரயோஜனமில்லை.

இன்னொரு வாசல் வழியாகவும் பதிவு வந்து சேரும். பெங்களூரிலிருந்து ஒரு கடைக்காரர் பத்து ஜாடி ஆவக்காய் வேண்டும் என்று எழுதுகிறார். விலைக்கு அனுப்புகிறீர்கள். மாநில எல்லையைத் தாண்டி வரி உள்ள சரக்கை விற்றால், 40 லட்சம் என்ற சலுகையே இல்லை. முதல் ஜாடிக்கு முன்பே பதிவு வேண்டும். டில்லியில் இருக்கும் பெண்ணுக்கு அம்மா காசு வாங்காமல் அனுப்பும் ஜாடிக்கு இது பொருந்தாது. அதற்குக் கூரியர்காரரிடம் மட்டும் சண்டை போட்டால் போதும்.

"இதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியப் போகிறது?" என்று சிலர் கேட்பார்கள். 2025 ஜூலை மாதம் கர்நாடகத்தில் நடந்ததை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். செல்போன் மூலம் கடைகளுக்கு வந்த யு.பி.ஐ. பணத்தை வருஷவாரியாகக் கூட்டிப் பார்த்து, வணிக வரி இலாகா சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வரியே இல்லாத பாலும் காய்கறியும் விற்றவர்களுக்கும் போயிற்று. பலர் கடையில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட அட்டையைக் கிழித்துவிட்டு, ரொக்கம்தான் வேண்டும் என்றார்கள். அட்டையைக் கிழிப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. வியாபாரத்துக்கென்று தனி பாங்கிக் கணக்கு வைத்துக் கொள்ளுங்கள். சீட்டுப் பணமும், பிள்ளை அனுப்பும் பணமும், ஊறுகாய் விற்ற பணமும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தால், பிரித்துக் காட்டுவதற்குள் உங்கள் பாடு பெரும்பாடாகிவிடும்.

இந்த வரி நேற்று முளைத்தது என்று எண்ணிவிடாதீர்கள். மதுவிலக்கினால் சர்க்காருக்கு ஏற்பட்ட வருமான நஷ்டத்தை ஈடுகட்ட, 1939-ல் ராஜாஜி மந்திரிசபை சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டு வந்தது. நாட்டிலேயே அதுதான் முதல். அந்த வரி பல அவதாரம் எடுத்து, 2017 ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. ஆயிற்று.

பதிவுக்குச் சர்க்கார் ஒரு பைசாவும் வாங்குவதில்லை. மனுப் போட்டுத் தருகிறவர் கேட்கும் தொகை அவருடைய கூலி. பான் கார்டு, ஆதார், பாங்கிக் கணக்கு விவரம், இடத்துக்கு அத்தாட்சி ஆகியவை தேவை. வீட்டிலேயே தொழில் நடந்து, மின்சார பில் மாமியார் பேரில் இருந்தால், மாமியாரிடம் சம்மதக் கடிதம் வாங்க வேண்டியிருக்கும். அந்த ஏற்பாட்டை உங்கள் சாமர்த்தியத்துக்கே விட்டுவிடுகிறேன். கிடைக்கும் எண்ணில் 15 எழுத்துக்கள். முதல் இரண்டு 33 என்றிருந்தால் தமிழ்நாடு. அடுத்த பத்தும் உங்கள் பான் எண்ணேதான்.

பதிவு செய்துகொண்டபின் விற்பனையே இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். மறந்தால் வெறும் கணக்குக்கே நாளொன்றுக்கு 20 ரூபாய் வீதம் கட்டணம் ஏறிக்கொண்டு போகும். மாதாமாதம் இந்தத் தொல்லை வேண்டாம் என்கிறவர்களுக்கு ஓர் இணக்க முறை இருக்கிறது. வருஷ விற்பனை ஒன்றரைக் கோடி வரை உள்ள சரக்கு வியாபாரிகள் விற்பனையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டினால் போதும்; அதையும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கட்டலாம். 48 லட்சம் விற்றால் வருஷத்துக்கு 48,000 ரூபாய். ஆனால் இதை வாடிக்கைக்காரரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. சாமான் வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. பெங்களூர்க் கடைக்காரருக்கும் ஜாடி அனுப்ப முடியாது. உள்ளூரில் நேரே வீடுகளுக்கு விற்கிறவர்களுக்கு இது சௌகரியம் என்பது என் அபிப்பிராயம். கடைகளுக்கு மொத்தமாகப் போடுகிறவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும். கடைக்காரருக்கு வரி போட்ட பில் வேண்டியிருக்கும்.

பில்லில் வரி என்று போட்டு வாங்குகிற பணம் உங்கள் கல்லாவில் தங்கினாலும் உங்களுடையது அல்ல. பதிவு இல்லாதவர் வரி என்று சொல்லி வாங்கியிருந்தால் அதையும் சர்க்காரிடம் கட்டியே தீர வேண்டும்.

விற்பனைக் கணக்கைப் போலவே ஆட்களின் கணக்கும் ஒன்று உண்டு. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். மயிலாப்பூர் அம்மாளின் தொழில் வளர்ந்து, மாங்காய் நறுக்கவும் ஜாடி கழுவவும் லேபிள் ஒட்டவும் பத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். பத்து என்றவுடன் இ.எஸ்.ஐ. வந்துவிடும். இருபது ஆனால் பிராவிடண்டு ஃபண்டும் சேரும். 1948-ம் வருஷத்துச் சட்டமும் 1952-ம் வருஷத்துச் சட்டமும் சொன்ன இந்த விஷயங்களை ஒரே தொகுப்பாக்கிய புதிய சட்டம் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. பத்து, இருபது என்ற எண்ணிக்கை மாறவில்லை. ஒரு தடவை பத்தைத் தொட்டுவிட்டால், பிறகு இருவர் நின்றுவிட்டாலும் கடமை நிற்காது.

ஒரு பெண்ணுக்குச் சம்பளம் 14,000 ரூபாய் என்றால், 2019 ஜூலையில் குறைத்து நிர்ணயித்த விகிதப்படி இ.எஸ்.ஐ.க்கு அவள் பங்கு முக்கால் சதவிகிதம், 105 ரூபாய். முதலாளியம்மாளின் பங்கு மூன்றேகால் சதவிகிதம், 455 ரூபாய். பத்துப் பேருக்கும் சேர்த்து 5,600. அடுத்த மாதம் 15-ந் தேதிக்குள் கட்ட வேண்டும். இரண்டு பங்கையும் தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடிக்கிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அது சட்ட விரோதம். பிடித்ததைக் கட்டாமல் கைமாற்றாக வைத்துக் கொள்வது அதைவிட மோசம். சட்டம் அதை நம்பிக்கை மோசடி என்றே கருதுகிறது.

அந்த 105 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? ஜாடி கழுவும் பெண்ணுக்குக் கர்ப்பம் என்று வைத்துக் கொள்ளுங்கள். முந்தைய ஒரு வருஷத்தில் 70 நாட்களுக்காவது அவள் பேரில் சந்தா சேர்ந்திருந்தால், முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் முழுச் சம்பள அளவு பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்து கிடைக்கும். உங்கள் பெட்டியிலிருந்து போகாது. நோயில் படுத்தால் வருஷத்தில் 91 நாட்கள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு 70. அவளோடு குடும்பத்தாருக்கும் வைத்தியம். நீங்கள் நாலு மாதம் கட்டாமல் விட்டிருந்தால், பிரசவத்துக்கு நாள் நெருங்கும்போது அவள் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நிற்கிற நிலையைக் கற்பனை செய்து பாருங்கள்.

பிராவிடண்டு ஃபண்டுக்கு இருவரும் ஆளுக்கு 12 சதவிகிதம். 14,000-க்கு 1,680 ரூபாய். உங்கள் பங்கில் 1,166 ரூபாய் அவளுடைய பென்ஷன் கணக்குக்குப் போகும். பத்து வருஷம் சேர்ந்தால் பென்ஷன் உண்டு. முன்பெல்லாம் சம்பளத்தைக் குறைத்து எழுதி, மிச்சத்தை அலவன்ஸ் என்று காட்டிச் சந்தாவைச் சுருக்குவார்கள். புதிய சட்டத்தில் அலவன்ஸ் பாதிக்கு மேல் போனால், மேலே போனது சம்பளத்தோடு சேர்ந்துவிடும்.

கடைசியாகத் தொழில் வரி. இது கார்ப்பொரேஷனுக்கோ முனிசிபாலிடிக்கோ பஞ்சாயத்துக்கோ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போவது. ஆறு மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் உள்ளவர்களிடம் முதலாளி பிடித்துக் கட்ட வேண்டும். தனக்கும் கட்ட வேண்டும். ஒருவருக்கு வருஷத்தில் 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டமே சொல்லுகிறது. 1988-ல் போட்ட வரம்பு அது. கட்டினால் ரசீது தருவார்கள். வீடு மாற்றும்போது முதலில் காணாமற் போகிற காகிதம் அதுதான். அரிசி டப்பாவுக்கு அடியில் வைக்காமல் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.