மெக்சிக்கோ நாட்டின் போத்தற் குழம்பு

போத்தலில் அடைத்த குழம்பை வாங்கிவந்து, இராப்போசனத்தை விரைவில் முடித்துவிடும் இல்லாளைச் சோம்பேறி என்று கூறிவிடுதல் எளிது. ஆயினும், மெக்சிக்கோ நாட்டு அடுக்களையின் வரலாற்றைச் சிறிதேனும் அறிந்தவர் அவ்வாறு கூற நாக்கூசுவர். அங்கே ஆயத்தக் குழம்பு நேற்றுவந்த புதுமையன்று. அரைக்கும் வேலையில் பெண்கள் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமன்று.

அந்நாட்டுக் குழம்புகளுள் தலைமை பெற்றது 'மொலே'. அஸ்டெக் மக்கள் பேசியதும், இன்றும் பலர் பேசிவருவதுமான நாவாத்து மொழியில் 'மொல்லி' என்றால் குழம்பு. ஆனைக்கொய்யாப் பழத்தை மசித்துச் செய்யும் 'குவாக்கமொலே'யின் ஈற்றில் நிற்பதும் அச்சொல்லே. புவெப்லா நகரின் பெயர்பெற்ற மொலேக்கு மூன்று நான்கு வகைச் செத்தல் மிளகாய், எள், பாதாம், கச்சான், முந்திரிகை வற்றல், கறுவா, கராம்பு, உள்ளி, தக்காளி, பொரித்த சோள ரொட்டி, இறுதியில் சிறிது சொக்கலேற் என ஏறக்குறைய இருபது சரக்குகள் வேண்டும். மிளகாயின் விதையை நீக்கி, வறுத்து, வெந்நீரில் ஊறவைத்து அரைப்பர். ஏனையவற்றைத் தனித்தனியே பொரித்தும் வறுத்தும் அரைப்பர். பின்னர் யாவற்றையும் கொழுப்பிலே கிளறி, வான்கோழி அவித்த சாற்றை விட்டு நெடுநேரம் காய்ச்சுவர். மிளகாய் சற்றுக் கருகிவிட்டால் முழுப் பானையும் கைத்துவிடும். சொக்கலேற் என்றதும் இஃது ஓர் இனிப்புப் பண்டம் என எண்ணிவிடலாகாது. அதன் பங்கு சிறிது. மிளகாயின் கடுமையைத் தணிப்பதே அதன் தொழில். புவெப்லாவின் சாந்த றோசா கன்னிமடத்துத் துறவி ஒருவர் 17ஆம் நூற்றாண்டிலே இதனைக் கண்டுபிடித்தார் என்பது அழகான கதை. கதை என்ற அளவில் அதனை வைத்துக்கொள்வோம்.

இவ்வளவையும் அரைத்த கருவி 'மெத்தாத்தே' எனப்படும் கல். எம்முடைய அம்மியை நினைவூட்டும் அது, மூன்று கால்களில் சாய்வாக நிற்பது. அதன்முன் முழந்தாளிட்டு, இரு கைகளாலும் குழவியைப் பற்றி, உடலின் பாரம் முழுவதையும் கொடுத்து அரைத்தல் வேண்டும். மொலே விருந்து நாட்களுக்கு உரியதாயிருக்கலாம். சுண்ணாம்பு நீரில் அவித்த சோளத்தை ரொட்டிக்காக அரைப்பதோ நாள் தவறாத வேலை. அதற்காகப் பெண்கள் விடியுமுன் எழுந்து பல மணி நேரம் கல்லின்முன் கிடந்தனர். சோளம் அரைக்கும் ஆலைகள் கிராமங்களை எட்டிய காலத்தில், தெப்பொஸ்த்லான் என்னும் ஊரின் ஆடவர் அவற்றை விரும்பவில்லை. கையால் அரைத்த மாவின் சுவை ஆலை மாவுக்கு வராது என்றனர். வேலை குறைந்த பெண் வழிதவறுவாள் என்றும் அஞ்சினர். அவ்வூரைப் பற்றி 1951இல் விரிவான நூல் வெளியிட்ட மானிடவியலாளர் ஒஸ்கார் லூயிஸ் இச்செய்தியைக் குறித்திருக்கிறார். முடிவில் பெண்களே வென்றனர். சுவையைப் பற்றி அவ்வாடவர் கூறியதில் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். அரைத்தவர்கள் அவர்களல்லர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இனி, குழம்பை விலைக்கு வாங்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதைப் பார்ப்போம். 1529இல் மெக்சிக்கோ சேர்ந்த ஸ்பானியத் துறவி பெர்னார்தினோ தெ சாகுன், அந்நாட்டு முதியோரிடம் கேட்டறிந்தவற்றைப் பன்னிரண்டு பகுதிகளாகத் தொகுத்தார். அத்தொகுப்பிலே சந்தையில் குழம்பு விற்போரும் இடம்பெறுகின்றனர். தக்காளிக் குழம்பு, பூசணி விதை சேர்த்த குழம்பு, புகையூட்டிய மிளகாய்க் குழம்பு எனப் பலவகை அங்கே விலைப்பட்டன. போத்தல் ஒன்றுதான் இல்லை! மிளகாய் என்பது அக்காலத்தில் எம்மவர் கண்டறியாத பொருள். அமெரிக்கக் கண்டத்துக்குரிய அக்காயைப் போத்துக்கேயர் இப்பக்கம் கொண்டுவந்த பின்னரே, மிளகின் பெயரை ஒட்டி அதற்குப் பெயரிட்டோம்.

இன்றும் மெக்சிக்கோச் சந்தைகளில் மொலே விழுதைக் குவித்து வைத்து நிறுத்து விற்பர். யுக்கத்தான் பகுதியிலோ, அச்சியோத்தே என்னும் செந்நிற விதையோடு உள்ளியும் வாசனைச் சரக்குகளும் சேர்த்து அரைத்த 'றெக்காதோ' கட்டி கட்டியாகக் கிடைக்கும். தலைநகரின் தெற்கு எல்லையில் உள்ள சான் பெத்ரோ அத்தொக்பான் என்னும் ஊரிலே பெரும்பாலான குடும்பங்களுக்கு மொலே செய்வதே சீவனோபாயம். 1977இல் தொடங்கிய மொலேத் திருவிழா அங்கே ஒக்தோபர் மாதந்தோறும் நடைபெறுகிறது. ஆலைகள் இவ்வழியிலேயே சென்றன. 1914இல் மொந்தெறே நகரில் தோன்றிய எர்தேஸ் நிறுவனம் இன்று விற்கும் 'தோஞா மரியா' மொலே, சிறு கண்ணாடிப் போத்தலில் இறுகிய விழுதாக வருகிறது.

அதனை அப்படியே உண்ண முடியாது. சமைப்பவரின் கைக்கு அதில் இன்னும் வேலை உண்டு. கோழியை வெங்காயமும் உள்ளியும் இட்டு அவித்து, சாற்றை வடித்து வைத்துக்கொள்க. சட்டியில் சிறிது எண்ணெய் விட்டு, மெல்லிய நெருப்பில் விழுதை இளக்கி, வாசனை எழும்போது சூடான சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுக. ஒரு பங்கு விழுதுக்கு நான்கு பங்கு வரை சாறு பிடிக்கும். ஒரேயடியாக ஊற்றினால் கட்டிபடும். கை ஓய்ந்தால் அடிப்பிடிக்கும். கரண்டியின் முதுகிலே படியும் பதம் வந்ததும் கோழியை இட்டு, வறுத்த எள்ளைத் தூவிச் சோற்றோடும் சோள ரொட்டியோடும் பரிமாறலாம். சாற்றில் முன்கூட்டியே உப்பிடாதிருத்தல் நன்று, விழுதிலேயே உப்புண்டு. கச்சானும் எள்ளும் ஒவ்வாதவர் இதனைத் தொடவே கூடாது. புலால் உண்ணாதார் உருளைக்கிழங்கையோ காளானையோ இட்டு, காய்கறி அவித்த நீரைச் சாறாகக் கொள்ளலாம். ஆனால் கோழிச்சாறு, பன்றிக்கொழுப்பு முதலியன விழுதிலே சேர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

போத்தலில் வருவன எல்லாம் ஒரு தரத்தன அல்ல. வெளிநாட்டுப் பேரங்காடிகளில் மெக்சிக்கோப் பெயர் தாங்கி நிற்கும் குழம்புகள் பலவற்றின் தாயகம் ஐக்கிய அமெரிக்கா. சான் அந்தோனியோ நகரில் டேவிட் பேஸ் என்பவர் 1947இல் தொடங்கிய தக்காளி மிளகாய்க் குழம்பு அவ்வகையில் புகழ்பெற்றது. அதனைக் குறைகூற வேண்டியதில்லை. அது டெக்சஸ் நாட்டார் சுவை. சீனியும் மாப்பசையும் மிகுந்து மிளகாய் பெயரளவில் நிற்கும் போத்தல்களையே நான் ஏற்கமாட்டேன். சேர்பொருட் பட்டியலில் முதலில் நிற்பது மிளகாயா, எள்ளா, சீனியா என்று பார்த்தாலே பாதி உண்மை புலப்படும். மெக்சிக்கோ அரசும் 2020 முதல், உப்பின் சோடியமோ சீனியோ கலோரியோ அளவுக்கு மிஞ்சிய பொதிகளில் எண்கோண வடிவக் கரிய முத்திரையை இடுவித்திருக்கிறது.

சிக்கனம் அறிந்த மெக்சிக்கோ இல்லத்தரசியர் மிஞ்சிய மொலேயை எறிவதில்லை. மறுநாட் காலையில் சோள ரொட்டியை அதில் தோய்த்து மடித்து, வெங்காயமும் பாற்கட்டியும் தூவினால் 'என்மொலாதா' ஆகிவிடும். மூடி கழன்ற கண்ணாடிப் போத்தலும் வீணாவதில்லை. கழுவித் துடைத்தால் அது தண்ணீர் அருந்தும் குவளை. எத்தனையோ வீடுகளின் அலுமாரிகளில் அத்தகைய குவளைகள் வரிசையாக நிற்கின்றன.