பழைய தடுமாற்றமா, புதுத் தடுமாற்றமா?

தேயிலைக் காட்டில் கை ஓடாவிட்டால் கூலி கிடையாது. தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் லயத்தில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அம்மா பேசிக்கொண்டே கொழுந்து எடுப்பாள். கண் எங்கோ இருக்கும், விரல்கள் தாமாகவே இரண்டிலை ஒரு மொட்டைத் தேடிக் கிள்ளும். எனக்கோ சட்டைக்குப் பட்டன் போட்டு முடிப்பதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடும். டம்ளர் நழுவும், லயத்துப் படியில் கால் இடறும், நிலைக்கதவில் தோள் இடிக்கும். “கை காலெல்லாம் இரவலா வாங்கிட்டு வந்தியாடி?” என்பாள் பெரியம்மா.

கொழுந்துக்கு ஆகமாட்டாள் என்றுதான் என்னைப் படிக்க அனுப்பினார்கள். இன்று பாலக்காட்டு எல்லையில், கொழிஞ்சாம்பாறை அருகே தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வட்டார வள மையமான பி.ஆர்.சி.யில் நடந்த ஒரு பயிற்சியில் ரிசோர்ஸ் டீச்சர் ‘டிஸ்பிராக்சியா’ பற்றிச் சொல்லச் சொல்ல, என் கதையை யாரோ எழுதிவைத்து வாசிப்பது போல் இருந்தது.

மருத்துவர்கள் இதை வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு என்கிறார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இருக்கிறது. தசையில் பலம் உண்டு, புத்தியிலும் குறைவில்லை. ஓர் அசைவைத் திட்டமிட்டு, செய்யும்போதே அதைத் திருத்திக்கொள்கிற மூளை வேலைதான் சுணங்குகிறது. மற்றவர்களுக்கு நாலு தரத்தில் பழகுவது இவர்களுக்கு நாற்பது தரம் ஆகலாம். பழகிய பிறகும் கவனம் வைத்தே செய்ய வேண்டியிருக்கும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளிடம் இது கூடுதல். வளர்ந்தால் சரியாகிவிடும் என்பார்கள். பாதிப் பேருக்கு மேல் பெரியவர்களான பிறகும் கூடவே வருகிறது. ஹாரி பாட்டராக நடித்த டேனியல் ராட்கிளிஃப், தனக்கு இது லேசாக இருப்பதாக 2008இல் வெளியே சொன்னார். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும், கற்றல் குறைபாடுகளின் கீழ் டிஸ்பிராக்சியா என்ற பெயர் இருக்கிறது. கையெழுத்துக்காகப் பிரம்பைத் தூக்கும் எங்கள் ஆசிரியர் வர்க்கத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று கேட்காதீர்கள்.

ஆனால் தடுமாற்றம் எல்லாம் ஒன்றல்ல. இதை எனக்குக் காட்டியது அம்மாதான். வேலையிலிருந்து நின்று என்னோடு வந்து தங்கியவளுக்குச் சர்க்கரை உண்டு. நடக்கும்போது செருப்பு காலைவிட்டுக் கழன்று விழும். விழுந்ததே தெரியாமல் போய்க்கொண்டிருப்பாள். இருட்டில் சுவரைப் பிடிப்பாள். “மகளைப் பார்த்து ஆத்தாளுக்கும் ஒட்டிக்கிச்சுங்” என்று சிரித்தார் பக்கத்து வீட்டு அக்கா. டாக்டர் சிரிக்கவில்லை. மெல்லிய நைலான் நூலால் பாதத்தைத் தொட்டார், அதிரும் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்தார். இரண்டுமே அம்மாவுக்குத் தெரியவில்லை. சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறது. பி12 சத்துக் குறைந்தாலும் இப்படி ஆகும் என்று ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார்.

எனவே டாக்டரிடம் போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, தடுமாற்றம் எப்போதிலிருந்து என்பதைத்தான். சின்ன வயசிலிருந்தே இருந்து, கூடாமல் அப்படியே இருப்பது அவசரமில்லை. நேற்றுவரை நன்றாகப் பட்டன் போட்ட கை இன்று திணறினால், கையெழுத்து மாறினால், நடை தள்ளாடினால் காத்திருக்கக் கூடாது. கழுத்தெலும்பு தண்டுவடத்தை அழுத்துவதாகக்கூட இருக்கலாம். திடீரென்று ஒரு பக்கம் மட்டும் கை கால் தளர்ந்து வாய் கோணினால் அது பக்கவாதம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எங்கள் மலையில் பூப்பாறைக்காரர்கள் போடிமெட்டு இறங்கித் தேனி சேர்வதற்குள் அதில் நல்ல பங்கு கரைந்துவிடும். கஷாயம் வைத்துப் பார்க்க நேரம் ஏது?

பையன்கள் விஷயத்தில் இன்னொன்று. மூன்று, நாலு, ஐந்து வயதில் அடிக்கடி விழுகிறான், கெண்டைக்கால் பருத்திருக்கிறது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஏறுகிறான் என்றால் அது தசைநோயாக இருக்கலாம். ரத்தத்தில் சி.கே. என்ற தசை நொதியின் அளவைப் பார்த்தாலே துப்புக் கிடைக்கும். இதைப் பராக்கு என்று சொல்லித் தட்டிவிட்டுப் போகக் கூடாது.

டிஸ்பிராக்சியாவுக்கு மாத்திரை கிடையாது, தொழில்வழி சிகிச்சைதான். பட்டன் வராத பிள்ளைக்குப் பட்டனையே சிறு சிறு படியாகப் பிரித்துப் பழக்குவார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளை ஷொரணூரிலுள்ள ஐக்கான்ஸ் என்ற நரம்பியல் நிறுவனத்துக்குக் கூட்டிப் போகலாம். பி.ஆர்.சி.யில் கேட்டால் வழி சொல்வார்கள். ஒருநாள் கூலி போகுமே என்று தயங்கும் பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. லயத்தில் வளர்ந்தவள் நான்.

அம்மாவோடு போன அன்றே என்னையும் பார்க்கச் சொன்னேன். டாக்டர் முட்டியைத் தட்டினார், கோட்டின் மேல் நடக்கவைத்தார், கண்ணைச் சோதித்தார். புதிதாக எதுவும் இல்லை, கூடவும் இல்லை என்றார். தெரபிஸ்டிடம் போவதானால் எந்த வேலை கைவர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போகச் சொன்னார். மே மாத லீவில் போகப்போகிறேன். கேட்கப் போவது கரும்பலகை எழுத்து. கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி வந்தால் போதும். ஸ்கூட்டர் ஓட்டப் பழக வேண்டாம். கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ் இருக்கிறது.