விடுதலையும் உடன்படிக்கையும்

"இன்று முதல் நாங்கள் சுதந்திர நாடு" என்று மக்கள் அறிவித்துவிட்டால் மட்டும் போதுமா? மற்ற நாடுகள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாமா? வரலாறு படிக்கும் நம் உள்ளத்தில் இக்கேள்வி எழுவது இயல்பே.

ஒரு குழந்தைக்கு உயிரும் உரிமையும் பிறந்த அன்றே வந்துவிடுகின்றன. ஆயினும் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் பிற்காலத்தில் பள்ளியிலும் அலுவலகத்திலும் சான்று காட்ட முடிகிறது. நாடுகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. 1933ஆம் ஆண்டு உருகுவே நாட்டின் மாண்டிவிடியோ நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, ஒரு நாட்டிற்கு வேண்டியவை நான்கு என்கிறது. அவை நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் ஆற்றல் என்பனவாம். பிறர் அங்கீகரிக்கும் முன்பே நாடு நாடுதான் என்றும் அது கூறுகிறது. அப்படியானால் உடன்படிக்கை எதற்கு? இரண்டு நாடுகளின் வரலாற்றைக் காண்போம்.

1776 ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவின் 13 குடியேற்றங்கள் விடுதலை அறிவித்தன. ஆனால் இங்கிலாந்து மன்னருக்கு அவர்கள் வெறும் கலகக்காரர்களே. 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அவர்களோடு உடன்படிக்கை செய்து முதல் துணையாயிற்று. 1781இல் யார்க்டவுனில் காரன்வாலிஸ் பிரபுவின் படை சரணடைந்தது. பின்னர் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து திப்பு சுல்தானோடு போரிட்டவர் இவரே.

1783 செப்டம்பர் 3ஆம் நாள் பாரிஸ் நகரில் பெஞ்சமின் பிராங்க்ளின், ஜான் ஆடம்ஸ், ஜான் ஜே ஆகிய மூவரும் அமெரிக்கா சார்பில் கையெழுத்திட்டனர். அவ்வுடன்படிக்கையின் பிரிவுகள் பத்து. அந்நாடுகள் விடுதலை பெற்றவை, இறைமை உடையவை என்று மன்னர் ஒப்புக்கொண்டது முதல் பிரிவு. இரண்டாவது எல்லைகளை வகுத்தது. மேற்கு எல்லை மிசிசிப்பி ஆறு. மூன்றாவது மீன்பிடி உரிமை பற்றியது. பழைய கடன்களைத் திருப்பிச் செலுத்தத் தடை கூடாது என்றது நான்காவது. இவ்வாறு உடன்படிக்கை உரிமையோடு கடமையையும் சேர்த்தே தருகிறது.

கையெழுத்தோடு வேலை முடியவில்லை. ஆறு மாதத்திற்குள் இரு தரப்பு ஒப்புதலும் வேண்டும். கடுங்குளிரில் போதிய உறுப்பினர்கள் வந்து சேராமல் காங்கிரஸ் காத்திருந்தது. ஒன்பது மாநிலத்தார் கூடிய பிறகே, 1784 ஜனவரி 14ஆம் நாள் ஒப்புதல் அளித்தது.

ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தில் வாழ்ந்த பழங்குடியினரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஏழாம் பிரிவோ கறுப்பின அடிமைகளைச் சொத்தோடு சேர்த்து எண்ணியது; ஆங்கிலப் படை அவர்களைக் கொண்டுபோகலாகாது என்றது.

அத்தகைய அடிமை மக்களே போராடி உருவாக்கிய நாடுதான் ஹெய்ட்டி. 1804 ஜனவரி 1ஆம் நாள் அது விடுதலையை அறிவித்தது. 21 ஆண்டுகள் பிரான்ஸ் அதை ஏற்கவில்லை. 1825இல் மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களோடு ஓர் ஆணையை அனுப்பினார். முன்னாள் பண்ணை முதலாளிகளுக்கு நஷ்ட ஈடாக 15 கோடி பிராங்க் கொடுத்தால் அங்கீகாரம் என்பதே அது! அதிபர் போயர் அதற்கு இணங்கினார். முதல் தவணைக்கே பிரெஞ்சு வங்கிகளில் கடன் வாங்க நேர்ந்தது. 1838இல் செய்த உடன்படிக்கைகளில் பிரான்ஸ் ஹெய்ட்டியை இறைமையுள்ள நாடாக ஏற்றது. மீதித் தொகையை 6 கோடி பிராங்காகக் குறைத்தது. இதற்காக வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை நீடித்தது. அடிமைப்பட்டவர்களே அடிமைப்படுத்தியவர்களுக்கு ஈடு கொடுத்த கொடுமையை என்னென்பது!

ஆகவே, விடுதலையைப் பெற்றெடுப்பது உடன்படிக்கை அன்று, மக்களின் தியாகமே. உடன்படிக்கை அதை உலகப் பதிவேட்டில் எழுதி, பிறர் மறுக்க முடியாதபடி செய்கிறது. அதனால்தான் நலிந்த நாடுகள் எவ்விலை கொடுத்தும் அதைப் பெறத் துடித்தன.

தேர்வுக்காக ஓர் உடன்படிக்கையின் ஆண்டை மனப்பாடம் செய்யும்போது, இனி மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்போம். மேசையில் அமர்ந்தவர் யார்? அழைக்கப்படாதவர் யார்? விலை கொடுத்தவர் யார்? இவற்றிற்கு விடை தேடினால் வரலாற்றுப் பாடத்தில் நீதியின் பாடத்தையும் நாம் கற்றவர்களாவோம்.