திரை மாறாமல் தளம் மாறுவது

சுங்குவார்சத்திரத்தின் ஃபாக்ஸ்கான் ஆலையில் இன்று ஐபோன்கள் தயாராகின்றன. பக்கத்து ஸ்ரீபெரும்புதூரிலோ 2006 முதல் 2014 நவம்பர் வரை நோக்கியா கைப்பேசிகள் தயாராயின. அந்த ஆலை மூடப்பட்டதற்கு வரி வழக்கு உள்ளிட்ட காரணங்கள் உண்டு; அது தனிக்கதை. ஓர் இயங்குதளத்துக்கென எழுதப்பட்ட செயலியை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் ‘போர்ட்டிங்’ எனும் பணி எவ்வளவு கடினமானது என்பதற்கும் நோக்கியாவின் வரலாறே நல்ல சான்று.

வட்டி கணக்கிடும் நிரல் எந்தக் கருவியிலும் ஒரே விடையைத் தரும். ஆனால் பொத்தானை வரையவும், எழுத்தைக் காட்டவும், விரல் தொட்ட இடத்தை அறியவும் செயலி இயங்குதளத்தையே நாட வேண்டும், அதை நாடும் முறையோ தளத்துக்குத் தளம் வேறுபடும். நோக்கியாவின் சிம்பியன் தளம் நினைவகம் அரிதாயிருந்த காலத்தில் உருவானதால், ஒரு சொற்றொடரைச் சேமிக்கக்கூட ‘டிஸ்கிரிப்டர்’ என்னும் தனி முறையை நிரலாளர் கற்க வேண்டியிருந்தது. இச்சுமையைக் குறைக்க நோக்கியா 2008இல் நார்வேயின் டிரோல்டெக் நிறுவனத்தை வாங்கி, அதன் ‘க்யூட்’ கருவித்தொகுப்பைத் தனதாக்கிக்கொண்டது. செயலிக்கும் தளத்துக்கும் இடையே நிற்கும் க்யூட், ஒரே நிரலை விண்டோஸ், லினக்ஸ், சிம்பியன் ஆகியவற்றுக்குத் தனித்தனியே தொகுத்துக்கொள்ள வழி செய்தது.

2011 பிப்ரவரியில் விண்டோஸ் ஃபோனுக்கு மாறுவதாக நோக்கியா அறிவித்தபோது இவ்வேற்பாடு பயனற்றுப்போயிற்று. அத்தளம் அப்போது வெளியாரின் சி++ நிரல்களை ஏற்கவில்லை. க்யூட்டோ சி++ மொழியில் அமைந்தது. ஆகவே போர்ட்டிங் என்ற பெயரில் நடந்தது, சி ஷார்ப் மொழியில் செயலியைப் புதிதாக எழுதுவதே. இடைத்தொகுப்பு எவ்வளவு சிறந்ததாயினும், தளத்தின் உரிமையாளர் இடம் கொடுத்தால்தான் அதற்கு வாழ்வு.

தமிழ்ச் செயலிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கொ’ என்பது கணினியில் ககரத்துக்கு ஒரு குறியீடு, ஒகரக் குறிக்கு ஒரு குறியீடு என இரண்டாகச் சேமிக்கப்படுகிறது. திரையிலோ அவ்வொகரக் குறி பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இந்த எழுத்துக்கோப்பை விண்டோஸில் யூனிஸ்கிரைபும், ஆப்பிள் தளங்களில் கோர் டெக்ஸ்டும், லினக்ஸில் ஹார்ஃப்பஸும் செய்துவந்தன. குறியீட்டுக்கு ஓர் உருவம் என்று எண்ணி எழுதப்பட்ட செயலி ஆங்கிலத்தில் குறையின்றி ஓடும்; தமிழில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இப்பிழை படுவதேயில்லை. அலுவலக மென்பொருளான லிப்ரேஆபிஸின் 2017இல் வெளியான 5.3 பதிப்பு, தளத்துக்கொரு முறையை நம்பியிராமல் எல்லாத் தளங்களிலும் ஹார்ஃப்பஸையே பயன்படுத்தத் தொடங்கியது.