சாமை புடைக்கும் கையின் ஞாபகம்

ஒடுகத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஜவ்வாது மலைமேலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அவருடைய பாட்டிக்கு இப்போது மறதி முற்றிவிட்டது; காலையில் உண்டதும் நினைவில்லை, பேரனின் பெயரும் நினைவில்லை. ஆனால் இடித்த சாமையை முறத்தில் இட்டுக் கையில் கொடுத்துவிட்டால், உமியைப் புடைத்துத் தள்ளி, குருணையைத் தெள்ளி, கல்லைக் கொழித்து, கடுகினும் சிறிய அந்த மணிகளைச் சுத்தமாகப் பிரித்து வைத்துவிடுகிறாராம். இஃது எவ்வாறு கூடும் என்பது முதற் கேள்வி. 'ஞாபக சக்தி பெருகும்' என்று விளம்பரமாகும் மாத்திரையை அவருக்கு வாங்கிக் கொடுக்கலாமா என்பது இரண்டாவது.

இரண்டாவதற்கு விடை சுருக்கமானது. அத்தகைய மாத்திரைகள் இந்நோயைத் தீர்க்கும் என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் கிடையாது; அந்தப் பணத்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்குச் செலவிடுவதே உசிதம்.

முதற் கேள்வியோ நின்று நிதானமாகப் பேசத் தக்கது. நடந்ததை நினைவுகூரும் சக்தியும், கைகால்கள் பழகிய தொழிலைக் காத்து வைக்கும் சக்தியும் மூளையில் வெவ்வேறு இடங்களைச் சார்ந்தவை. 1953-இல், கடுமையான வலிப்பு நோய்க்குச் சிகிச்சையாக, ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு மூளையின் இருபுறத்திலும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பாகத்தை அகற்றினார்கள். அதன்பின் புதிய சம்பவம் எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியல் நிபுணர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திர வடிவம் ஒன்றின் விளிம்பைப் பென்சிலால் தொடர்ந்து வரையும்படி அவரிடம் சொன்னார். மூன்று நாட்களில் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அதற்குமுன் அப்பயிற்சியைச் செய்ததாக மொலேசனுக்குச் சற்றும் நினைவில்லை. பாட்டியின் விஷயமும் ஏறக்குறைய இந்த ரகந்தான்: மறதி நோய் முதலில் தாக்குவது ஹிப்போகாம்பஸையும் அதனை அடுத்த பகுதிகளையும், அசைவுப் பழக்கங்களுக்கு ஆதாரமான சிறுமூளையும் அடித்தள முடிச்சுகளும் நெடுங்காலம் பெரும்பாலும் தப்பி நிற்கின்றன. விளையாட்டுப் பயிற்சிக் கூடங்களில் 'தசை நினைவு' என்று ஓயாமல் சொல்கிறார்களே, அந்தத் திறமை தசையில் இருப்பதன்று, தசை ஏவலாள்.

சிறுமூளை கற்கும் விதத்தைப் படிக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அதிலுள்ள பர்கின்ஜி செல் ஒவ்வொன்றையும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மெல்லிய இணையிழைகள் தொட்டுச் செல்கின்றன. உடலின் நிலை, கையின் வேகம், மூளை அப்போது பிறப்பித்த கட்டளை என எண்ணிறந்த செய்திகள் அவற்றின் வழியே வருகின்றன. இவை தவிர, பற்றியேறும் இழை என்று ஒன்றே ஒன்று வந்து அந்தச் செல்லைத் தழுவி நிற்கிறது; அது பேசுவது அபூர்வம், விநாடிக்கு ஏறத்தாழ ஒரு முறை; பேசினால், 'எண்ணிய அசைவு வேறு, நிகழ்ந்த அசைவு வேறு' என்ற பிழைச் செய்தியைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. அச்செய்தி வந்த வேளையில் எந்தெந்த இணையிழைகள் துடித்துக்கொண்டிருந்தனவோ அவற்றின் இணைப்புகள் நலிவடைகின்றன. பாட்டியின் முறத்தையே பாருங்கள்: ஒவ்வொரு தட்டுக்கும் உமியும் மணியும் சேர்ந்தே எழுகின்றன, காற்று உமியைக் கொண்டுபோகிறது, மணி முறத்தில் விழுகிறது. பிழைச் செய்தியே காற்று. பிழைக்கு உடந்தையான இணைப்பே உமி. ஒரே தட்டில் உமி முழுவதும் போகாதது போல ஒரே பிழையில் பாடம் முடிவதில்லை. காற்றே இல்லாத நாளில் எத்தனை புடைத்தும் பயன் குறைவாவது போலப் பிழை தெரியாமல் செய்யும் அப்பியாசமும் வீணாகிறது. ஆனால் போன உமி முறத்துக்குத் திரும்புவதில்லை, நலிந்த இணைப்போ மறுபடி வலுப்பெறக் கூடும். அன்றியும் இங்கே முறமும் புடைப்பவரும் ஒன்றே. இன்னொரு விசித்திரம், பர்கின்ஜி செல் பிற செல்களுக்கு அனுப்புவது தடைச் செய்தி மட்டுமே. ஆகையால் அதனைத் தூண்டும் இணைப்புகள் நலிய, தடை தளர்ந்து, தக்க அசைவு தக்க கணத்தில் வெளிப்படுகிறது.

சரித்திரத்துக்கு நாலு வரி போதும். அந்தச் செல்லைப் பர்கின்ஜி 1837-இல் விவரித்தார். 1969-இல் டேவிட் மார், பற்றியேறும் இழையின் செய்தியால் இணைப்புகள் வலுப்பெறும் என்று ஊகித்தார். 1971-இல் ஜேம்ஸ் ஆல்பஸ், நலியும் என்றார். 1982-இல் ஜப்பானியரான மசாவோ இட்டோவும் அவருடைய குழுவினரும் நலிவதைச் சோதனையில் கண்டனர். இது மட்டுமே கற்றலின் முழு ரகசியம் என்று யாரேனும் சாதித்தால் நம்பவேண்டாம். இந்த நலிவு நிகழாமல் தடுக்கப்பட்ட எலிகளும் சில அசைவுப் பாடங்களைக் கற்றன என்று பின்னர் தெரியவந்திருக்கிறது.

ஒடுகத்தூருக்கு வடகிழக்கே உள்ள வேலூரில் நடந்த ஒரு காரியம் இதனோடு சேர்த்துச் சொல்லத் தக்கது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் செயலற்றுப்போன கைகளைத் திருத்தும் பணியை மேற்கொண்டார். தசைநாணை இடம் மாற்றும் முறை அவருக்கு முன்பே உண்டு. அதனைத் தொழுநோயாளருக்கு முறையாகச் செய்ய முனைந்ததே அவர் சிறப்பு. மோதிர விரலை மடக்கும் நாண்கள் இரண்டு. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலில் இணைத்தாலும் மற்றொன்று அவ்விரலை மடக்கும். சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரித்து, 'கட்டைவிரலை அசையுங்கள்' என்றால் ஒன்றும் நடவாது; 'மோதிர விரலை மடக்குங்கள்' என்றால் கட்டைவிரல் நகரும்! தொட்டறியும் உணர்வை இழந்த கைக்குப் பிழையைக் காட்ட வேண்டியது கண். ஆகவே நோயாளி தன் விரலைப் பார்த்துக்கொண்டே, உடற்பயிற்சி நிபுணரின் துணையோடு, திரும்பத் திரும்ப முயல, நாளடைவில் மோதிர விரலை நினையாமலே கட்டைவிரல் பொருளைப் பற்றப் பழகிவிடுகிறது. இதில் சிறுமூளைக்கு மட்டுமன்றிப் பெருமூளைப் புறணிக்கும் பங்கு உண்டு. எல்லாத் தசையும் எல்லா வேலையையும் ஒரே அளவு எளிதாகக் கற்பதில்லை என்பதும் அனுபவத்தில் தெளிவாயிற்று: விரல்களை மடக்கும்போது மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் இயல்பாகவே உடன் இயங்குவதால், அவற்றுக்கு விரல் மடக்கும் தொழிலைக் கற்பிப்பது சுலபம், எதிரிடையாக இயங்கும் தசைக்குக் கற்பிப்பது கடினம். ஆதலின் எந்தத் தசையை மாற்றுவது என்று தீர்மானிக்கும் மருத்துவர், அதன் வலிமையோடு, அது இதுவரை எதனோடு சேர்ந்து உழைத்தது என்பதையும் விசாரிக்கிறார்.