‘க்வைட் குட்’... பாராட்டா, ‘பரவாயில்லை’யா?

‘‘மாப்பிள்ளை எப்படி?’’ என்று கேட்கிறோம். ‘‘நல்லா இருக்கார்’’ என்று பதில் வந்தால், அடுத்து ஜாதகப் பொருத்தம்தான். ‘‘நல்லாத்தான் இருக்கார்’’ என்று வந்தால்? அந்த ‘தான்’ கொஞ்சம் யோசிக்க வைக்கும். ஏதோ ஒரு குறையைச் சொல்லாமல் சொல்கிறார்கள் என்று புரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் ஏறக்குறைய இந்த வேலையைச் செய்யும் சொல், ‘க்வைட்’. ஆனால், இது ரெட்டை வேஷக்காரர். ஓரிடத்தில் ‘முழுக்க முழுக்க’ என்று பொருள் தரும். இன்னோரிடத்தில் ‘ஓரளவுக்கு’ என்று இறங்கிவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள். குட், டயர்டு, இன்ட்ரஸ்டிங் போன்றவை கூடவும் குறையவும் செய்யும். அவற்றின் முன்னால் வந்தால், பெரும்பாலும் ‘ஓரளவு’. இம்பாசிபிள், ரைட், ஷ்யூர் போன்றவற்றில் பாதி, முக்கால் என்ற பேச்சே இல்லை. அங்கே வந்தால் ‘முழுக்க’. ‘க்வைட் இம்பாசிபிள்’ என்றால், நடக்கவே நடக்காது.

வினைச்சொல்லிலும் இதே கதைதான். ‘ஐ க்வைட் அக்ரி’ என்றால் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ‘ஐ க்வைட் லைக் இட்’ என்றால் ஓரளவு பிடித்திருக்கிறது.

லண்டன் வேறு, நியூயார்க் வேறு!

குழப்பம் ‘க்வைட் குட்’டில்தான். அமெரிக்கர் அப்படிச் சொன்னால் பெரும்பாலும் ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று அர்த்தம். பிரிட்டிஷ்காரர் சொன்னால், ‘பரவாயில்லை, இன்னும் நல்லா செய்திருக்கலாம்’ என்பதாக இருக்கலாம். நேரில் பேசும்போது குரல் காட்டிக்கொடுக்கும். ‘க்வைட்’டை அழுத்திச் சொன்னால் பாராட்டு குறைகிறது, ‘குட்’டை அழுத்தினால் கூடுகிறது. மெயிலில் குரல் ஏது?

சென்னையில் உட்கார்ந்து லண்டன் மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்பும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ‘க்வைட் குட்’ என்று பதில் வருகிறது. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டால், அடுத்த முறையும் அதே அறிக்கைதான் போகும். திருத்தச் சொன்னதே அவருக்குத் தெரியாது.

ஏன் இந்த ரெட்டை வேஷம்?

‘அமைதி’ என்ற பொருள்கொண்ட ஒரு லத்தீன் சொல்லிலிருந்து கிளம்பி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. பிரெஞ்சில் அதற்கு, கடனோ கடமையோ பாக்கியில்லாமல் ‘விடுபட்ட’ என்று பொருள். பாக்கி எதுவும் இல்லை என்றால் முழுமைதானே? அதனால், முதலில் ‘முழுக்க’ என்ற பொருள் மட்டுமே இருந்தது. ‘ஓரளவு’ என்பது 19-ம் நூற்றாண்டு வாக்கில் வந்து ஒட்டிக்கொண்டது. வேலையை விடுவதைச் சொல்லும் ‘க்விட்’, அமைதியைச் சொல்லும் ‘க்வயட்’ இரண்டும் இதன் உடன்பிறப்புகள்.

நினைவில் வைக்க...

* எழுதும்போது கடைசி இரண்டு எழுத்துகளில் கவனம். ‘டி, ஈ’ என்று முடிந்தால் க்வைட். ‘ஈ, டி’ என்று முடிந்தால் அமைதியான க்வயட்.

* ‘எ வெரி குட் புக்’ என்போம். இங்கே ‘எ’ இடம் மாறும்: ‘க்வைட் எ குட் புக்’.

* ‘ஃபியூ’ என்றால் வெகு சில. ‘க்வைட் எ ஃபியூ’ என்றால் கணிசமாக, நிறைய!

* ‘நாட் க்வைட் ரெடி’ என்றால், கிட்டத்தட்ட தயார். ஆனால் முழுதாக இல்லை.

‘க்வைட் குட்’ உங்களுக்கு வந்தால், மெயிலின் மீதி வரிகளையும் படியுங்கள். பின்னாலேயே ஒரு ‘பட்’ வருகிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீரவில்லையா? ‘எதை மாற்ற வேண்டும்?’ என்று கேட்டுவிடுங்கள், தப்பில்லை. நீங்கள் ஒருவரை மனசாரப் பாராட்டும்போது மட்டும் இந்தச் சொல் வேண்டாம். ‘வெரி குட்’ என்றே சொல்லிவிடுங்கள். ராத்திரி கண்விழித்து வேலை பார்த்தவருக்கு, அதில் சந்தேகம் வரக் கூடாது.